ஒரு கட்டிச் சவர்க்காரம்

ஞாயிற்றுக்கிழமை பொழுது புலர்ந்து, வாவியின் மேற்பரப்பில் படிந்திருந்த புகார் முழுவதும் கலைவதற்கு முன்னரே, புஸ்பத்தின் கூக்குரல் அவள் வீட்டு வளவு முழுவதையும் எழுப்பிவிட்டது.

“ஐயோ... அவர்ர சட்டை! மாடு சப்பிப் போட்டுதே! ஒரு கைய முழுசாத் திண்டு போட்டுதே!”

முற்றத்துக் கொடியிலே தொங்கிய வெள்ளைச் சட்டையின் இடக்கை கந்தலாகச் சிதைந்து, எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. எஞ்சிய பகுதியிலும் ஆங்காங்கே மஞ்சள் திட்டுகள். அயல்வீட்டுப் பசுவோ, தான் செய்த காரியத்தின் பாரதூரத்தை அறியாததாய், வேலியோரம் நின்று அசைபோட்டது.

கிணற்றடியிலிருந்து ஓடிவந்த மூத்தவள் நேசம்மாவுக்கு, சட்டையை முகர்ந்து பார்த்தவுடனேயே விடயம் விளங்கிவிட்டது. தங்கை முதல்நாள் மாலையில் பனம்பழத்தைப் பிசைந்து, அந்தக் களியிலே சட்டையைத் தோய்த்திருக்கிறாள். சவர்க்காரத்துக்குத் தட்டுப்பாடு நிலவிய அந்நாட்களில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பலரும் கையாண்ட வழிதான் அது. பனங்களி நன்றாக நுரைக்கும், அழுக்கையும் அகற்றும். ஆனால், பலமுறை நீர் மாற்றி அலசாவிட்டால் நிறமும் வாசமும் துணியிலேயே தங்கிவிடும். அந்த வாசத்தைப் பிடித்த மாடு வேலியையும் பிய்த்துக்கொண்டு வரும்.

“என்னட்டத் தந்திருக்கலாமே புள்ள... கலர்த் துணிக்குத்தான் பனம்பழம். வெள்ளைக்குச் சாம்பல் தண்ணிதான் சரி.”

“உன்னட்டத் தந்ததெல்லாம் எங்க போகுதெண்டு தெரியாமத்தானே நான் தோய்ச்சன்! அலுமாரிக்குள்ள வச்ச சவுக்காரம் எங்க கா? அதச் சொல்லு முதல்ல!”

நேசம்மா கந்தற் சட்டையைக் கொடியிலிருந்து உருவினாள்.

புஸ்பத்தின் கணவர் நல்லரத்தினம் கல்லடியிலே ஆசிரியர், ஊராருக்கு மாஸ்டர். நாள்தோறும் தோணியில் வாவியைக் கடந்து, மறுகரையிலிருந்த இராணுவக் காவலரணான சென்றியைத் தாண்டியே அவர் பாடசாலைக்குச் செல்லவேண்டும். கறைபட்ட உடுப்போடு வருபவனைக் காட்டிலிருந்து வரும் இயக்கக்காரன் என்று ஐயுற்று ஓரமாக நிறுத்திவிடுவார்கள். அவ்வாறு நிறுத்தப்பட்டவர்களுள் சிலர் வீடு திரும்பியதில்லை. நேசம்மாவின் கணவன் கனகசிங்கம், சேறு படிந்த சாரத்தோடு மீன் விற்கப் போனவன், அந்தச் சிலருள் ஒருவன். ஆகவே, அந்த வீட்டில் ஒரு சட்டையின் வெண்மைக்கும் ஓர் உயிருக்கும் இடையில் அதிக தூரம் இருக்கவில்லை. சென்றியிலே ஆளுக்கு ஒரு கட்டிச் சவர்க்காரத்துக்கு மேல் கொண்டுசெல்ல விடமாட்டார்கள். மாஸ்டர் கெஞ்சிக் கூத்தாடிக் கொண்டுவந்த அந்தக் கட்டிதான் மாயமாய் மறைந்திருந்தது. அதற்கு முந்திய கட்டியும் அவ்வாறே மறைந்தது.

“ஆருக்குத் தூக்கிக் குடுத்தாய்?” என்று உள்ளிருந்தபடியே தாய் ஆச்சிப்பிள்ளை இரைந்தாள். “ரோட்டால போற வாற அகதிக்கெல்லாம் தானம் பண்ணுறாளாக்கும்! களவெடுத்துத் தானம்! தங்கச்சிட வீட்டில ஒண்டி இரிக்கிறம் எண்ட நினைப்பு வேணும்!”

நேசம்மா நிமிர்ந்து, திறந்த கதவினூடாகத் தாயை நோக்கினாள். ஆச்சிப்பிள்ளை சடுதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“ஓம், நான்தான் எடுத்தன்” என்றாள் நேசம்மா. “களவாயில்ல, தேவைக்கு எடுத்தன். என்ன தேவை எண்டு மட்டும் கேக்காதீங்க. கொண்டு போட்டாலும் சொல்லமாட்டன்!”

பல் துலக்கிக்கொண்டிருந்த நல்லரத்தினம் வாயைக் கொப்பளித்துவிட்டு முன்னே வந்தார்.

“மச்சாள்... துவக்குக்கு முன்னால கையத் தூக்கிட்டு நிண்டு கொண்டு வாற சாமான் அது. என்ட உயிர் உங்களுக்கு விளையாட்டாப் போச்சா?”

“உங்கட மற்றச் சட்டைய விடியவே பாளைச் சாம்பல் தண்ணில அவிச்சிட்டன், மச்சான். கொலர்க் கறைக்குத் தேசிக்காய் தேச்சு, வெயில் ஏறினதும் காயப்போடுவன். நாளைக்கு நீங்க வெள்ளையாத்தான் தோணி ஏறுவீங்க. புருசன்ட உயிரப் பத்தி எனக்கு இந்த வளவில ஆரும் பாடம் எடுக்கத் தேவல்ல. என்ட மனிசன் எந்த உடுப்போட போனவர் எண்டு எனக்கு மறக்கல்ல!”

“வாய் மட்டும் குறையல்ல!” என்று புஸ்பம் சீறினாள். “உண்மையச் சொல்ல ஏலாட்டி வெளிக்கிடு! வாகரையில சித்தப்பாட ஆக்கள் இரிக்காங்கதானே... இது எனக்குத் தந்த வீடு!”

அப்பகுதியின் வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு உரிய சீதனம். நேசம்மாவுக்கும் ஒரு வீடு இருந்தது. வன்செயலின்போது அது எரிந்துபோயிற்று. சாம்பலுக்குள் உடையாமல் கிடந்த ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துடைத்து, தங்கையின் திருமணத்துக்கு முன்னர் இந்தக் கூரையை முடித்துக் கொடுத்தவள் அவளே.

“போறன்” என்றாள் நேசம்மா. “ஆனாத் தலையக் குனிஞ்சு போகமாட்டன். மேல கிடக்கிற ஓட்டில பாதி என்ட வீட்டு ஓடு. கழட்டித் தா எண்டு கேக்கல்ல புள்ள... நீ நனையாம இரிக்கத்தானே தந்தனான்.”

அவள் உள்ளே சென்று, இரண்டு சேலைகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தாள். தாயின் கட்டிலருகே ஒரு கணம் நின்று, “அம்மா... வாறன்” என்றாள்.

மகள் வேலிப் படலையை எட்டுவதற்குள் கிழவி எழுந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து வீட்டின் பின்புறம் போனாள். திரும்பி வந்தபோது, நீர் சொட்டும் பழஞ்சேலையொன்று அவள் இரு கைகளிலும் கனத்தது. அதைக் கொண்டுவந்து, மருமகனின் காலடியிலிருந்த வாளிக்குள் பொத்தென்று போட்டாள்.

“அம்மா, வேணாம்!” என்று படலையிலிருந்து நேசம்மா கத்தினாள்.

“பேசாமல் நில்லு புள்ள! மருமகன்... நீங்க தேடின சவுக்காரம் இதிலதான் கரைஞ்சு கிடக்கு. எனக்கு... எனக்கு மூத்திரம் நிக்கிதில்ல. படுத்தா எனக்கே தெரியாமப் போயிடுது. உங்களுக்கெல்லாம் முதல் எழும்பி இவள்தான் எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போய்த் தோய்ச்சு, முந்திரிகை மரத்துக்கு அங்கால ஒளிச்சுக் காயப்போடுறவள். சாம்பல் தண்ணில தோய்ச்சுப் பாத்தாள். புண்பட்ட தொடையில அந்தச் சீலை பட்டா நெருப்பா எரியிது! அதுக்குத்தான் சவுக்காரம். மருமகன் அறிஞ்சா நான் உயிரோட இரிக்கமாட்டன் எண்டு, என்ட தலையில கை வச்சு இவளிட்டச் சத்தியம் வாங்கினன். சத்தியம் வாங்கின வாயாலதான்... களவெடுத்தவள் எண்டும் ஏசினன்! சத்தமாக் கத்தினா ஒருத்தரும் என்னச் சந்தேகப்படமாட்டாங்க எண்டு...”

கிழவி மேலே பேசமாட்டாமல் முற்றத்து மணலில் அப்படியே குந்திவிட்டாள்.

புஸ்பம் ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். “அக்கா... ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே! நான் என்னெண்டு உன்னப் போகச் சொன்னன்... என்ட நாக்கு அழுகாதா!”

நேசம்மாவின் கண்களும் பொங்கின. தங்கையின் முதுகைத் தடவினாள். ஆனால் குரல் தளரவில்லை.

“நாக்கு அழுகினா ஆர் மாட்ட விரட்டுற? அழாத புள்ள. சேறும் மூத்திரமும் தண்ணிக்குப் போற சாமான். வாயால வந்த சொல்லத்தான் எதில போட்டு அவிச்சாலும் வெளுக்காது. அது உனக்கும் தெரியட்டும், அம்மாவுக்கும் தெரியட்டும்.”

நல்லரத்தினம் தலை கவிழ்ந்து நின்றார். “மச்சாள்... பிழை என்னிலதான். நீங்க எங்கயும் போகப்படாது. இந்த வீட்டிலயே இரிங்க.”

“இரிப்பன். பாவம் பாத்து வச்சிரிக்கிற ஆளா இரிக்கமாட்டன்.” பையைப் புஸ்பத்தின் கையில் கொடுத்துவிட்டு, அவள் வாளியருகே வந்தாள். தாயைத் தூக்கிக் கதிரையில் இருத்தினாள். பின்னர் சேலையின் ஒரு தலைப்பை எடுத்து, மற்றத் தலைப்பை நல்லரத்தினத்தை நோக்கி நீட்டினாள்.

“பிடியுங்க மச்சான். ஈரச் சீலை, தனிய முறுக்க ஏலாது.”

“ஐயோ, மருமகன் தொடப்படாது! என்ட சீலைய...” என்று ஆச்சிப்பிள்ளை பதறினாள்.

“ஏன் தொடப்படாது? அவர்ர சட்டைய நான் கசக்கல்லையா? இந்தச் சீலை இனி முத்தத்து வெயிலிலதான் காயும். பாக்கிறவன் பாக்கட்டும்!”

மாஸ்டர் ஒரு கணம் தயங்கினார். பின்னர் சாரத்தை மடித்துக் கட்டி, குனிந்து, மாமியின் சேலைத் தலைப்பை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

“இந்தப் பக்கமாவா முறுக்கிற, மச்சாள்?”

“நான் முறுக்கிறதுக்கு எதிர்ப்பக்கமா மச்சான்! இழுத்துப் பிடியுங்க... இன்னும் இறுக்கி!”