ஓவியக் கூடத்தில் ஒரு பொய்

"இந்த ராணி ஏங்க இவ்வளவு சோகமா இருக்காங்க?"

கூட்டத்தில் தன் அக்காவின் கண்ணில் படட்டும் என்று சிவப்புக் குடையை உயர்த்திப் பிடித்திருந்தவன் திரும்பினான். குடையைப் பார்த்து அவனைக் கைடு என்றே நினைத்துவிட்டாள், கேட்டவள்.

"பல்வலிங்க," என்றான், கண் இமைக்காமல். "அரண்மனையில இனிப்பு ஜாஸ்தி. ஓவியர் சிரிக்கச் சொன்னதுக்கு முறைச்சாங்களாம்."

பல் டாக்டரான அவளுக்கு அந்தப் பதில் ரொம்பவே பிடித்துப்போனது. அம்மாவையும் இழுத்துக்கொண்டு கூடம் கூடமாக அவன் பின்னாலேயே நடந்தாள். கேட்டதற்கெல்லாம் ஒரு கதை சொன்னான். சிரிக்கும்போது அந்தக் கண்கள்... மழை விட்டதும் எட்டிப் பார்க்கிற வெயில் மாதிரி...

"இங்க என்னடா பண்றே? கைடு உன்னைத் தேடிட்டிருக்கார்!" என்று அவன் அக்கா வந்து நின்றபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அவன் வேறொரு சுற்றுலாக் குழுவில் வந்தவன். ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன்.

"அப்ப அந்த ராணி?"

"யாருன்னே தெரியாதுங்க. நீங்க அவ்வளவு ஆசையா கேட்டீங்க... தெரியாதுன்னு சொல்ல மனசு வரல."

"பொய் சொல்ல மட்டும் மனசு வந்துச்சாக்கும்!"

இரண்டு குழுவும் திரும்பிப் பார்த்தது. அவன் முகம் சுண்டிப்போனது.

மறுநாள் அவன் குழுவின் பஸ் மக்கர் பண்ண, இரண்டு குழுவையும் ஒரே பஸ்ஸில் ஏற்றினார்கள். ஊர் திரும்புமுன் கடைசிச் சுற்று. அவளைக் கண்டதும் அவன் பின் சீட்டுக்குப் போய்விட்டான்.

'பேசினா குறைஞ்சா போயிடுவார்? நானா போய்ப் பேசணுமாக்கும்...' ஜன்னலில் மழை வழிந்தது. அவள் பார்வை என்னவோ பின்பக்கமே போனது.

பழைய கோட்டைக் கோபுரத்தில் அம்மா உற்சாகமாக ஏறிவிட்டாள். இறங்கும்போது வளைந்து வளைந்து போகும் படிகளைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"என்னால முடியாதுடி... நீ போ."

மகள் கெஞ்சிப் பார்த்தாள், பலிக்கவில்லை. பின்னால் வந்த அவன் அம்மாவிடம் கையை நீட்டினான்.

"இங்க ஒரு ராஜா ஏறினவர், இறங்கவே மாட்டேன்னுட்டாராம்மா. ஏன்னு சொல்றேன், வாங்க."

"ஏனாம்?"

"கீழ மாமியார் நின்னாங்களாம்!"

அம்மா சிரித்தாள். ஒரு படி இறங்கினாள். திருப்பத்துக்குத் திருப்பம் கதை வளர்ந்தது.

"அப்புறம் ராஜா என்ன ஆனார் தம்பி?"

"இறங்கிட்டார்மா. நீங்களும்தான்."

அம்மா வியப்போடு தரையைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவன் நகர்ந்தான்.

"நில்லுங்க..." அவள் இரண்டு எட்டு அவன் பின்னால் வைத்தாள். "நேத்து எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசினது தப்பு."

"பரவாயில்லைங்க. பொய் சொன்னது நான்தானே."

"நாளைக்கு ஆளுக்கொரு ஃப்ளைட்ல போயிடுவோம். அதுக்குள்ள சொல்லிடறேன்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

கோபுரம் முழுக்கக் கதை அளந்தவனுக்கு இப்போது வார்த்தையே வரவில்லை. காது மட்டும் சிவந்தது.

"வாயைத் திறங்க சார்... வலிக்காது."

சிரித்துவிட்டான். "தினமும் அடுத்தவங்க கண்ணைப் பார்க்கிறதுதான் என் பொழப்பு. நேத்து உங்க கண்ணைப் பார்த்ததுலேருந்து... எனக்குத் தூக்கமே இல்லைங்க. ஊருக்குப் போனதும் அக்காவைக் கூட்டிட்டு உங்க வீட்டுக்கு வரலாமா?"

அவள் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். பெஞ்சிலிருந்து பதில் வந்தது.

"தாராளமா வாங்க தம்பி!"