பதிப்பு மூன்று

மகள் திக்காமல் "அம்மா" என்று கூப்பிட்டாள். இத்தனை வருடமாக அந்தச் சொல்லின் முதல் எழுத்திலேயே முட்டி மோதி நிற்கும் நாக்கு, இன்று வழுக்கிக்கொண்டு ஓடியது. சந்தோஷப்பட வேண்டிய தாய், திரும்பி மகளின் வாயையே உற்றுப் பார்த்தாள்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் புரோகிராமர் அவள். பல் மருத்துவமனைகளுக்கான மென்பொருளின் பதிப்பு எண்ணைச் சற்று முன்புதான் இரண்டிலிருந்து மூன்றாக மாற்றி, ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒன்று கூடும் பில்ட் எண்ணை ஒன்று என்று போட்டு, தன் கணினியில் ஏற்றியிருந்தாள்.

ஜன்னலில் மழை சன்னமாகத் தட்ட, கணினியின் விசிறி இரைய, அடுப்பில் பொங்கி வழிந்த பாலின் தீய்ந்த வாடை கூடம் முழுக்கப் பரவ, ஒரு சிறு பிழையைத் திருத்தி பில்ட் இரண்டை ஏற்றினாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்ற மகளின் மணிக்கட்டில், இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பைக் காணோம்.

"தழும்பு எங்கடி?"

"எந்தத் தழும்பும்மா?"

ஏற்றும்போதெல்லாம் மகள் மாறுவதை நம்ப முடியாமல் இன்னொரு பில்ட் போட்டாள். மூன்று. மகளை இழுத்து உச்சந்தலையை முகர்ந்தாள். எண்ணெய் இல்லை, வியர்வை இல்லை. புது அட்டைப்பெட்டியைப் பிரித்தது போல ஒரு வாடை.

பதிப்பு எண்ணை மறுபடி இரண்டாக்கி ஏற்றிப் பார்த்தாள். 'இதைவிடப் புதிய பதிப்பு ஏற்கெனவே உள்ளது' என்று திரை மறுத்தது. மறுபடியும் அதே.

அலுவலகத் தோழியை அழைத்தாள். "பழசு ஏற மாட்டேங்குதுடி."

"புதுசு இருக்கறப்ப எப்படி ஏறும்? முதல்ல அதை எடு, அப்புறம் பழசைப் போடு. இதுக்கா அழறே?"

உள்ளறையில் மகள் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். தெளிவாக. ஒரே சுருதியில். மூச்சு விடாமல்.

'நீக்கு' என்பதை அழுத்தினாள். பச்சைக் கோடு நகர்ந்தது. பாதி. படிக்கும் குரல் நின்றது. முக்கால்.

"அம்மா, என் காலைக் காணோம்மா."

'நிறுத்து' பொத்தான் மங்கிக் கிடந்தது. அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். கோடு முடிந்தது.

பழைய பதிப்பைத் திறந்தாள். 'கோப்பு இல்லை.' மறுபடி. இல்லை.

"கண்ணு, இருடி, இருடி தங்கம்…"

உள்ளறைக் கதவு திறந்தது. பள்ளிச் சீருடை நின்றது. கழுத்து வரை பட்டன். உள்ளே யாருமில்லை. வலது சட்டைக் கை மெல்ல உயர்ந்து, காற்றைத் துழாவித் துழாவி, அவள் பக்கம் திரும்பியது.