தள்ளிவிட்ட அடைப்பு

சிங்கில் தண்ணீர் நின்றது. வேறு எந்த வீட்டிலும் இது ஒரு விஷயமே இல்லை. ஆனால் இந்த வீட்டில் இருபத்தோரு நாளாக ஒரு சொட்டு எண்ணெய் செலவாகவில்லை. எண்ணெய் டின் பரணில் ஏறிவிட்டது, வாணலி கவிழ்ந்து கிடந்தது, மூன்று வேளையும் வேகவைத்த காயும் அவித்த பயறும்தான். அப்படியிருந்தும் நின்ற தண்ணீரின் மேல் மஞ்சளாக ஓர் ஆடை படர்ந்திருந்தது. வீட்டுக்காரரே குழாய்க்காரர்தான்; விரலால் தொட்டுப் பார்த்தார். கொழுப்பு. வெதுவெதுப்பாக இருந்தது.

அவருக்குத் தெரியாத கொழுப்பா? ஓட்டல் சமையலறைகளில் கழிவுக்குழாய் அடைப்பு எடுப்பதுதான் இருபத்தாறு வருடமாக அவர் தொழில். எந்த ஓட்டலின் குழாயில் என்ன கிடக்கிறது என்று அவர் வாயைத் திறந்தால் ஊரில் ஒருவரும் வெளியே சாப்பிட மாட்டார்கள். அதையெல்லாம் கண்ணால் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, அதே ஓட்டலில் உட்கார்ந்து பொரித்த கோழியை ஒரு பிடி பிடித்தவர்தான் இவர். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்? இவருக்கு நெஞ்சுவலியாக வந்தது.

மருத்துவமனையில் மணிக்கட்டில் துளை போட்டு மெல்லிய கம்பியை இதயம்வரை விட்டார்கள். திரையில் அது வளைந்து வளைந்து போவதைப் பார்த்தபடி, அட, நம் வேலைதான் என்று படுத்திருந்தார். முடிந்ததும் தொழில்காரர் தொழில்காரரைக் கேட்பதுபோல் கேட்டார்.

"அடைப்ப எடுத்துட்டீங்களா டாக்டர்?"

"எடுக்கல. சுவரோட வச்சு அழுத்தி, ஸ்டென்ட்னு ஒரு கம்பிவலைக் குழல் வச்சு வழி பண்ணியிருக்கோம். இன்னும் ரெண்டு அடைப்பு இருக்கு. ஒண்ணு பெருசு. அடுத்த மாசம் முதல் திங்கக்கிழமை வந்துடணும், தள்ளிப்போடாதீங்க. சிகரெட், எண்ணெய் ரெண்டையும் விட்டுடுங்க. தினமும் நடங்க."

அப்படியானால் அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அந்த நினைப்பே அவருக்குக் குமட்டியது. ஏனென்றால் அவர் செய்வதும் அதுதான். குழாயைக் கழற்றி அழுக்கை வாரி எடுக்க யாருக்குப் பொறுமை? கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, அடைப்பு எடுக்கும் நீளக் கம்பிச்சுருளை, அந்த ஸ்பிரிங்கை, விட்டுக் குத்தினால் கொழுப்பு இளகி நகர்ந்துவிடும். பத்தடி தள்ளிப் போய் மறுபடி உறையும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உறைந்தால் அது அடைப்பே இல்லை என்பது அவர் கணக்கு.

சிகரெட்டை விட்டார். காலையில் நடந்தார். ஆனால் அந்தப் பெரிய அடைப்பில் கை வைக்க விட அவருக்குப் பயம். போன வாரம் மருத்துவமனைக்குப் போன் செய்து, சளி பிடித்திருக்கிறது, அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். மனைவியிடம், டாக்டர்தான் தேதியை மாற்றிவிட்டார் என்று சொன்னார். வாய் கூசாமல் சொன்னார்.

அன்று மாலைதான் மனைவி டம்ளரைத் தூக்கிக் காட்டினாள். "என்னங்க இது, தண்ணி குடிச்ச டம்ளர்ல இவ்ளோ பிசுக்கு? வெளிய எதாச்சும் தின்னீங்களா?"

"சத்தியமா இல்ல."

இல்லைதான். ஆனால் அவர் உதடு பட்ட இடத்தில் மஞ்சளாக ஒரு வளையம். மறுநாள் தலையணையில் கன்னம் வைத்த இடம் மெழுகுபோல் விறைத்திருந்தது. மோந்து பார்த்தார். ஓட்டல் குழாயைத் திறந்தவுடன் வருமே, ஊசிப்போன எண்ணெயும் ஈரச்சாக்கும் சேர்ந்த நாற்றம், அதே. உறையை யாருக்கும் தெரியாமல் சுருட்டிக் குப்பையில் போட்டார். அன்றிலிருந்து தன் வாய்நீரை விழுங்கவும் அவருக்கு அருவருப்பாக இருந்தது. காலையும் மாலையும் சிங்கில் துப்பித் துப்பி வாய் கொப்பளித்தார்.

இன்று சிங்க் அடைத்துக்கொண்டது.

"ஊரு அடைப்பெல்லாம் எடுக்குறவரு வீட்டுல தண்ணி நிக்குது, பாத்தவங்க சிரிப்பாங்க" என்றாள் மனைவி. "இந்தத் தடவையாச்சும் முழுசா எடுத்துடுங்க. தள்ளிவிட்டுட்டு வந்துடாதீங்க."

"எனக்கே சொல்லித் தர்றியா? பெரிய பானையில தண்ணி கொதிக்க வை. நான் பின்னாடி போய்க் குத்துறேன். கொதிச்சதும் கேட்டுட்டு ஊத்து."

வீட்டின் பின்பக்கம், சமையலறை ஜன்னலுக்குக் கீழே, சுவரிலிருந்து கழிவுக்குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மாலை நாலு மணி வெயில் சுவரில் நேராக விழுந்தது. ஓர் ஈகூட இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் ஈ மொய்க்காமல் அவர் பார்த்ததே கிடையாது. குந்தி உட்கார்ந்து காதை வைத்தார். உள்ளே தண்ணீர் முனகியது. களக். கொஞ்சம் இடைவெளி. களக். ஓடாத தண்ணீருக்கு இப்படி ஒரே சீராகச் சத்தம் வராதே என்று யோசித்தபடி கையை நெஞ்சில் வைத்தவர், அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

களக். உள்ளங்கையில் ஒரு துடிப்பு. களக். இன்னொன்று.

பிரமை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஸ்பிரிங்கைக் குழாய்க்குள் விட்டுத் திருகினார். இரண்டடி போனது. முட்டியது. மெத்தென்று ஏதோ. ஒரு குத்து குத்தினார்.

நெஞ்சுக்குள் குத்தியது.

மூச்சு நின்று வந்தது. வியர்த்தது. துடைத்த கை வழுக்கியது. நெற்றியில் வழிந்தது வியர்வை இல்லை. மஞ்சள். கெட்டியாக. மூக்கருகே கொண்டுபோகாமலே நாறியது.

ஸ்பிரிங்கை வெளியே இழுத்தார். அதன் நுனியில் சிக்கிக்கொண்டு ஒரு கட்டி வந்தது. மடக்கிய கையளவு. வெள்ளையும் மஞ்சளுமாக, ஊடே சிவப்பு இழை ஓடி. உதறினார். விழவில்லை. அதன் வால் குழாய்க்குள் நீண்டு இறுகியிருந்தது. கட்டியின் நடுவில் என்னவோ மின்னியது. நகத்தால் கொழுப்பை வழித்தார். கம்பிவலை பின்னிய ஒரு சின்னக் குழல். அரிசி நீளம்தான் இருக்கும்.

டாக்டர் மாதிரிக்கு ஒரு ஸ்டென்ட்டைக் காட்டியிருந்தார். உள்ளங்கையில் வைத்து. இதே.

கட்டி சுருங்கியது. விரிந்தது.

"தண்ணி கொதிச்சிடுச்சுங்க!" ஜன்னலிலிருந்து மனைவியின் குரல். "ஊத்தட்டுமா?"

வேண்டாம். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். நாக்கு அசையவில்லை. தொண்டைக்குள் எதுவோ உறைந்து நின்றது. டாக்டரிடம் தள்ளிப்போட்டது, ஓட்டல் குழாய்களில் தள்ளிவிட்டது எல்லாம் அங்கே வந்து நின்றதுபோல் இருந்தது. கையைத் தூக்கினார். ஜன்னலுக்கு எட்டவில்லை.

"என்னங்க, காதுல விழலையா? முழுசா எடுத்தீங்களா இல்லையா?"

அவர் சுவரில் தட்டப் பார்த்தார். கை வழுக்கியது.

"தள்ளிவிட்டிருப்பீங்க, எனக்குத் தெரியாதா? சரி, ஊத்துறேன்."

உள்ளே பானை சரிந்தது. தண்ணீர் சளசளவென்று சிங்கில் விழுந்தது. அவர் கையில் இருந்த கட்டி இளகியது. விரலிடுக்கில் வழிந்தது. விலாவுக்குள் சூடு பரவியது. மேலே ஏறியது. கழுத்து. தாடை.

குழாயிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை.

ஆவி பறக்க, மஞ்சளாக, அவர் வாயிலிருந்து வந்தது.

"ஆ, தண்ணி போயிடுச்சு" என்றாள் மனைவி, மகிழ்ச்சியாக. "இன்னொரு பானை வைக்கிறேன்."