வலை ரூமில் கோகிலா

வலை ரூமின் கொண்டி வெளிப்பக்கமாகப் போட்டிருந்தது.

ஜெப்சி அதைப் போடவில்லை. அந்தக் கதவை யாரும் சாத்துவதே கிடையாது. சாத்தினால் ஈர வலை நாறிப்போகும் என்று அய்யா சத்தம் போடுவார். அவர் மத்தியானமே போட்டில் போய்விட்டார், காலையில்தான் கரைக்கு வருவார். அம்மா வேளாங்கண்ணிக்கு நடைபயணம். தங்கச்சிமடத்தின் கடைசித் தெருவில், கச்சான் காற்று மணலை வாரி ஜன்னலில் இறைத்துக்கொண்டிருந்த அந்தப் பொழுதடையும் நேரத்தில், கருவாட்டு வாசமும் உப்பு வாசமும் கலந்து கிடந்த அந்த வீட்டில் அவள் மட்டும்தான் இருந்தாள். கரண்ட் வேறு போய்விட்டது.

காற்று கதவைச் சாத்தும், சரி. கொண்டியைப் போடுமா? அதை யோசிக்கப் பிடிக்காமல் போனை எடுத்தாள்.

போனில் அவள் தொடர்கதை எழுதுகிறாள். கோகிலாவை ஒருத்தன் காதலிக்கிறான். அவள் மாட்டேன் என்கிறாள். அவன் அவளைக் கடலோர வீட்டு அறை ஒன்றில் பூட்டி வைக்கிறான். அறைக்காக ஜெப்சி ரொம்ப மெனக்கெடவில்லை, இந்த வலை ரூமையே எழுதிவிட்டாள். படிக்கிற பிள்ளைகள் உருகிப்போனார்கள். 'இப்படி ஒருத்தன் எனக்குக் கிடைக்கலையே' என்று கமெண்ட் மேல் கமெண்ட். ஜெப்சிக்கும் அதே ஏக்கம்தான், சும்மா சொல்லக்கூடாது. 'சாப்பிட்டியா' என்று கேட்கக்கூட அவளுக்கு ஒருத்தன் வாய்க்கவில்லை. அதனால்தான் கோகிலா கதவைப் பிறாண்டிக் கதறியதையெல்லாம் நேற்றோடு நிறுத்தினாள். நேற்று போட்ட பகுதியில் அவன் திறந்துவிட வருகிறான். கோகிலா உள்ளேயிருந்து, "திறக்க வேண்டாங்க" என்கிறாள். அந்த ஒரு வரிக்கு விழுந்த ஹார்ட்டுகளைப் பார்த்து ஜெப்சிக்குத் தூக்கமே வரவில்லை.

அம்மா போனில் கூப்பிட்டாள். "ஆத்தா, ஒத்தையில பயமா இருக்கா?"

"இல்லம்மா. வலை ரூம் கொண்டிய அய்யாவா போட்டாரு?"

"அவுக எதுக்குப் போடப்போறாக? மாதா படத்துக்கு முன்னால ஒரு மெழுகுவத்தி ஏத்தி..."

லைன் கட்டாகிவிட்டது.

அப்போதுதான் வலை ரூம் கதவில் அந்தச் சத்தம். எலி என்றால் விட்டு விட்டுப் பிறாண்டும். இது மேலேயிருந்து கீழே வந்தது. நிதானமாக. ஐந்து விரலும் சேர்ந்து.

மாதாவே.

ஓடிவிடலாம். தெருவுக்கு நாலே எட்டு. ஆனால் கோகிலாவைப் பூட்டினது நாம, திறக்கவேண்டியதும் நாமதான் என்று மனசு அடித்துக்கொண்டது. மெழுகுவர்த்தியோடு போய்க் கொண்டியை நீக்கினாள்.

வலை நாற்றம். அதற்கு மேலே மல்லிகைப்பூ வாசம்.

வலைக் குவியல்மேல் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சிரித்த முகம். விரல்களில் நகம் இல்லை.

"கோகிலா," என்றாள் ஜெப்சி. "கதவு திறந்திருக்கு. போயிரு."

"எங்கக்கா போறது?"

"எங்கனயாவது. உனக்கு இஷ்டப்பட்ட இடத்துக்கு."

கோகிலா திறந்த கதவைப் பார்த்தாள். "இஷ்டம் ஒண்ணும் தோணலக்கா. நேத்துலேருந்து தோணல."

ஜெப்சி உள்ளே போய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். ஐஸ் பெட்டிக்குள் விட்ட மாதிரி இருந்தது. கை அசையவில்லை. கோகிலா நகர்ந்து, வலைமேல் பக்கத்தில் இடம் விட்டாள்.

"நீங்களும் தனியாத்தானக்கா இருக்கீங்க."

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. மெழுகுவர்த்தி அணைந்தது.

வெளியே கொண்டி ஏறியது. மெதுவாக. அவசரமே இல்லாமல்.

"வந்துட்டாரு," என்றாள் கோகிலா இருட்டில்.

ஜெப்சி கதவில் விழுந்து பிறாண்டினாள். அங்கே கீறல்கள் ஏற்கெனவே இருந்தன. அவள் விரல்கள் ஒவ்வொன்றும் அதனதன் கீறலுக்குள் போய் உட்கார்ந்தன.

மறுபக்கம் யாரோ கதவில் நெற்றியைச் சாய்த்தார்கள். ரொம்ப ஆசையாக ஒரு ஆண்குரல் கேட்டது.

"சாப்பிட்டியா, ஜெப்சி?"

திறடா என்று அலறத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"திறக்க வேண்டாங்க," என்றது அவள் வாய்.