முத்திரைக்குப் பக்கத்தில் முளைத்த இலை

"மாமா, என் வேலை நிலைக்காது போலிருக்கு!" கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள் மாதங்கி.

வில்லாபுரத்தில் அவளுக்கு மாடியை வாடகைக்கு விட்டிருந்த ஹாலாஸ்யம், காவல்துறையின் கைரேகைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். தன் காபியை அவள் பக்கம் நகர்த்தினார். அவருடன் பேசிக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் பேயாண்டி, விவகாரம் என்றதுமே சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

மாதங்கி பல்கலைக்கழகத்தில் தாவரவியல் உதவிப் பேராசிரியை. இன்னும் பணி நிரந்தரமாகவில்லை. புது விதிப்படி எந்தத் துறையும் சொந்தச் சின்னம் போடக்கூடாது. பல்கலைக்கழக முத்திரை மட்டுமே. அதைச் சுற்றி வெறும் வெள்ளை. அப்படித்தான் கருத்தரங்கு பேனரை வடிவமைத்து அனுப்பினாள். ஆனால் காலையில் வாசலில் கட்டியபோது முத்திரையின் இருபுறமும் பச்சை இலை!

"துறையோட பழைய சின்னம் அரச இலை. நான் வேணும்னே போட்டேன்னு பதிவாளர் கிரிதர் சார் மெமோ கொடுத்துட்டார். பதற்றத்துல ஒரு படம் எடுத்ததோட சரி, நான் உத்துக்கூடப் பார்க்கல. சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லலைன்னா நிரந்தரம் தள்ளிப்போயிடும்."

"அச்சடிச்சவர்?" என்று கேட்டார் ஹாலாஸ்யம்.

"ஜெயபாண்டி. கொடுத்ததை அப்படியே அடிச்சேன்னு சத்தியம் பண்றார்."

"வாங்கிண்டு வந்தது?"

"எங்க துறைப் பேராசிரியர் கிருஷ்ணபிரசாத் சார். சுருட்டினபடியே வாங்கிட்டு வந்தார். பழைய சின்னத்தை வரைஞ்சவரே அவர்தான். அதை எடுத்ததுக்கு மீட்டிங்ல பெரிய சண்டை."

"அம்புட்டுத்தான், ஆளு சிக்கிட்டாரு!" என்றார் பேயாண்டி.

ஹாலாஸ்யம் அவள் செல்போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கினார். அகன்ற இலை, குட்டையான நுனி, ஓரத்தில் பூச்சி கடித்த தடம். சிரித்துக்கொண்டார். "முதல்ல கடைக்கு."

கடை வாசலில் மேலூர்க் குடும்பம் ஒன்றின் காதுகுத்து பேனர் காய்ந்துகொண்டிருந்தது. தாய்மாமன்கள், ரோஜா, மயில், இலை என விரல் வைக்க இடமில்லை. ஹாலாஸ்யம் அதைப் படமெடுத்துக்கொண்டு, ஜெயபாண்டியையும் ஆட்டோவில் ஏற்றினார்.

மாதங்கி போனில் சொல்லியிருந்தபடி, பல்கலைக்கழக வாசலில் கிரிதரும் கிருஷ்ணபிரசாத்தும் காத்திருந்தார்கள்.

"சார், இது நீங்க வரைஞ்ச இலையா?" பேனரைக் காட்டிக் கேட்டார் ஹாலாஸ்யம்.

கிருஷ்ணபிரசாத் கண்ணாடியை மாட்டி அண்ணாந்து பார்த்தார். முகம் சிவந்தது. "அரச இலைக்கு நுனி வால் மாதிரி நீளும். இது வெற்றிலை! இதுக்கு மேல ஒருத்தனை அவமானப்படுத்த முடியாது!"

"தாவரவியல் படிச்சவா யாரும் இந்தத் தப்பைப் பண்ண மாட்டா," என்றார் ஹாலாஸ்யம். "காதுகுத்து பேனர்லயும் இதே வெற்றிலை, அதே பூச்சிக்கடி. ஜெயபாண்டி, ஏன்ப்பா?"

"நான் டிசைனை மாத்தலையேண்ணே! முத்திரைகிட்ட எம்புட்டு எடம் சும்மா கெடந்துச்சு. அப்படியே கொடுத்தா அரைகுறையா அடிச்சுட்டேன்னு ஊரே திட்டுமே? அதான் ரொப்பிவிட்டேன்."

"நல்லவேளை மாப்ள, உன் போட்டோவை வைக்கல!" என்றார் பேயாண்டி.

"பார்த்தேன்ணே. எடம் பத்தல."

கிரிதரே சிரித்துவிட்டார். ஹாலாஸ்யம் அவர் பக்கம் திரும்பினார். "மாதங்கி விதிப்படி இடம் விட்டதாலதான் சார் அங்கே இலை முளைச்சது. விடாம இருந்திருந்தா ஜெயபாண்டிக்கு வேலையே இருந்திருக்காது. அவளுக்கு அந்த இலையே சாட்சி."

கிரிதர் மெமோவைக் கேட்டு வாங்கிக் கிழித்தார். "நிரந்தர ஆணையில இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன்மா. அடுத்த தடவை, அந்த இடம் சும்மா கெடக்கலேன்னு அச்சகத்துக்கும் சொல்லிடுங்க."

ஜெயபாண்டி வெள்ளை ஸ்டிக்கருடன் ஏணியில் ஏறினார். புது விதியைக் கடைசிவரை எதிர்த்த கிருஷ்ணபிரசாத் கீழே நின்று கத்தினார்: "நல்லா மூடுய்யா! ஒரு நரம்புகூடத் தெரியக்கூடாது!"

மாதங்கியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே அம்மாவுக்குப் போன் போட்டாள்.