இறங்காத கோடு

லுமா கணவன் வீட்டை விட்டு ஓடிவந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. அன்று மாலை அம்மானில் தொழுகைப் பாங்கு ஒலித்தபோது அலுவலகத் திரையில் ஒரு கோடு மட்டும் இறங்கவில்லை.

அவள் அக்கா ரவான் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோன்பு திறக்கும் நேரத்தில் ஊரே சாப்பாட்டின் முன் உட்கார்ந்துவிடும். தெருவில் கதாயிஃப் பலகாரத்தின் நெய் வாசனை மட்டும் ஆளில்லாமல் மிதக்கும், ஏ.சி. இரைச்சலுக்கு அடியில் சர்வர் அறையின் ரீங்காரம் தனியாகக் கேட்கும், ரவானின் மெயில் நிறுவனத்து வாடிக்கையாளர்கள் அத்தனை பேரின் பயன்பாட்டுக் கோடுகளும் ஒன்றாகச் சரிந்து தரையைத் தொடும். ரமலானில் சிஸ்டத்தை மாற்றியமைக்கும் வேலைகளை இந்த அரைமணி நேரத்துக்கென்றே அலுவலகத்தில் ஒதுக்கி வைப்பார்கள்.

இறங்காத கோடு பெண்கள் காப்பகத்துடையது. அங்கேதான் லுமா மகளோடு ஒளிந்திருந்தாள். கணவன் ஃபவாஸ் அறைந்ததில் அவளுக்கு இடது காது இன்னும் கேட்கவில்லை. அடுத்த முறை காதோடு நிற்காது என்று அவனே சொல்லியிருந்தான். காப்பகத்துக்குத் தனி டொமைனும் தனி மெயில் சர்வரும் அமைத்துக் கொடுத்தவள் ரவான். இதில் எழுது, யாராலும் பார்க்க முடியாது என்று தங்கையிடம் சொன்னதும் அவள்தான்.

நோன்பு திறக்கும்போது காப்பகத்தில் போன்களையெல்லாம் ஒரு கூடையில் போட்டுவிடுவார்கள். அப்படியென்றால் இப்போது அந்த மெயில்களைத் திறப்பது யார்?

ப்ராக்ஸிக்குள் போய்ப் பார்த்தாள். வருகிற ஒவ்வொரு கோரிக்கையையும் நிறுத்தி, பயனரின் டொமைன் எது என்று பார்த்து, அவரவர் சர்வருக்கு அனுப்புவது அதன் வேலை. காப்பகத்தின் டொமைனுக்கு எதிரே அவள் கொடுத்த முகவரி இல்லை. வேறொரு முகவரி இருந்தது. எல்லாம் முதலில் அங்கே போய், நகலாகி, பிறகுதான் உரிய இடத்துக்குப் போயிருக்கிறது.

அதை மாற்றும் கடவுச்சொல் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவள். பக்கத்து மேசை ஹைதம்.

கடைசியாகத் திறக்கப்பட்டது லுமா மதியம் ரவானுக்கு எழுதிய மெயில். "பேக்கரிக்கு மேலே மூணாவது மாடி, பச்சைக் கதவு. பெருநாளைக்குக் கட்டாயம் வா."

கோடு சட்டென்று விழுந்தது. படிக்க வேண்டியதைப் படித்தாகிவிட்டது.

லுமாவைக் கூப்பிட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. ஹைதமைக் கூப்பிட்டாள்.

"யா ரவான், ஒரு பேரீச்சம்பழம் முழுங்க விடமாட்டியா நீ?"

"காப்பகத்து மெயிலை எங்க திருப்பி விட்டிருக்க?"

ஸ்பூன் சத்தம் நின்றது.

"உங்க உம்மா என் வீடு தேடி வந்து அழுதாங்கம்மா. பேத்தியப் பார்க்காம சாப்பாடு இறங்கலன்னாங்க. ஒரு தாய் கேட்டா எப்படி மாட்டேன்னு சொல்றது?"

"உம்மாவா கேட்டாங்க?"

"கோவப்படாத. நல்ல காரியந்தான். மத்தியானமே கிளம்பிட்டாங்க. தெரு தெரியுது, எந்த வீடுன்னுதான் தெரியலன்னாங்க."

"உம்மாவுக்கு மெயில் திறக்கவே தெரியாது, ஹைதம். யார் படிச்சுச் சொன்னது?"

அவன் இணைப்பைத் துண்டித்தான்.

மறுபடி லுமா. மணி. மணி. மறுபடி.

எடுத்தாள்.

"அக்கா! சூப் ஆறுது, எத்தனை தடவை அடிப்ப?" பின்னால் பெண்களின் சிரிப்பு. தட்டுகள். கதவு தட்டும் ஓசை.

"லுமா, கேளு—"

"இரு இரு. வாசல்ல யாரு தெரியுமா?" அவள் குரல் உடைந்தது. சந்தோஷத்தில். "உம்மா! உம்மா கூப்பிடறாங்க. என் பேரச் சொல்லி. நீதானே அனுப்பின? இரு, தொறந்துட்டு வர்றேன்."

போன் மேசைமேல் வைக்கப்பட்டது.

செருப்போசை. தூரம்.

மேல் தாழ்ப்பாள்.

"லுமா!"

கீழ்த் தாழ்ப்பாள்.

யாரும் காதில் வைத்திராத அந்த போனுக்குள் ரவான் கத்தினாள்.

"தொறக்காத! உம்மா தனியா வரல! ஃபவாஸக் கூட்டிட்டு வந்திருக்காங்க!"