உத்திரத்தன்று உப்பிட்ட சாடி

சித்திரைத் திங்களின் முழுமதி, கொள்ளிடத்தின் கீழ்த்திசை நாணற்காட்டினின்றும் செப்புத் தாம்பாளம் போல மெல்ல மேலெழத் தொடங்கியிருக்க, மேல்திசையிலோ மறைய மனமில்லாத கதிரவன் ஆற்றுநீரெங்கும் செவ்வண்ணத்தை வாரி இறைத்துக்கொண்டிருந்த அந்த அந்திப்பொழுதில், நாணற்கோட்டையின் நீர்வாயிற் படித்துறையில் நாற்பது மண்சாடிகள் அணிவகுத்து நின்றன. அவற்றுக்கு எதிரே, கட்டப்பட்ட கைகளோடும் கட்டுப்படாத கண்களோடும் இளம்பெண் ஒருத்தி நின்றாள்.

அன்பார்ந்த வாசகர்களே! ஊறுகாய்ச் சாடிகளுக்கும் தண்டனை உண்டோ என்று நகைக்க வேண்டா. கதிரவன் அடிவானில் முழுகியதும் அந்தச் சாடிகள் ஆற்றில் விடப்படும். அந்தப் பெண் கோட்டைக்கு வெளியே, பகைவரின் அம்புகள் பாயும் வெட்டவெளியில் விடப்படுவாள். இதுவே கோட்டையின் தலைவர் விடங்கப் பேரரையர் அன்று காலை அவையில் வழங்கிய தீர்ப்பு.

அவள் பெயர் குஞ்சரமல்லி. கோட்டையின் சாடிக் கொட்டிலுக்கும் மூலிகைத் தோட்டத்துக்கும் அவளே பொறுப்பாளி. காரைக்காட்டு அரையனின் படை கோட்டையை வளைத்து நாற்பது நாள்கள் ஆகியிருந்தன. பதினைந்தாம் நாளில் வீரர்களின் ஈறுகள் வீங்கிக் குருதி கசிந்தது. இருபதாம் நாளில் வில்லை வளைக்கும் வலிமையும் அவர்களிடம் குன்றியது. அப்போதுதான் மல்லி தன் கொட்டிலைத் திறந்தாள். உப்புநீரில் புளித்து நுரைத்த முள்ளங்கி, நெல்லி, மாவடு, களாக்காய் ஆகியவற்றை வேளைதோறும் கைப்பிடியளவு கொடுத்தாள். காலையில் தூதுவளைச் சாறும், மாலையில் துளசியும் ஓமமும் இட்டுக் காய்ச்சிய நீரும் குடிக்கச் செய்தாள். பத்தே நாள்களில் அறுநூறு வீரர்களும் மதில்மேல் ஏறி நின்றார்கள். அத்தகையவளைத்தான் இன்று நஞ்சிட்டவள் என்றார்கள்!

அவ்வாறு முதலில் சொன்னவர் வைத்தியர் நாகதேவர். பேரரசரின் ஓலையோடு ஆறு நாள்களுக்குமுன் ஆற்றை நீந்திக் கடந்து வந்தவர். நெற்றி முழுவதும் அகலமாகக் குங்குமம் அணிந்தவர். குரலோ தேனில் தோய்ந்தது. தீர்ப்புக்கு முந்தைய நாள் காவலர் மூவர் பித்தேறியவர்போல் பிதற்றி விழுந்தார்கள். நாகதேவர் நேரே கொட்டிலுக்குச் சென்று, சாடி ஒன்றன் வாயில் கட்டியிருந்த மெல்லிய துணியை அவிழ்த்து, "பாருங்கள், நுரை! பாருங்கள், வெண்படலம்! இது நஞ்சன்றி வேறென்ன?" என்று முழங்கினார். நுரையைக் கண்டவுடன் ஆராயாமல் அலறுகின்ற கூட்டம் எந்தக் காலத்தில்தான் இல்லை? அன்றும் இருந்தது; அலறிற்று.

"கயிறு இறுக்குகிறதா, நங்காய்?" என்று தாழ்ந்த குரலில் வினவினான் அவளருகே நின்ற இளைஞன். அவன் நீர்வாயிலின் காவற்றலைவன் சேந்தன். தண்டனையை நிறைவேற்ற வேண்டிய கடமை அவன் தலையில் விடிந்திருந்தது.

"இறுக்கவில்லை, தலைவரே. முடிச்சுப் போடத் தெரியாத ஒருவரை நீர்வாயிலுக்குத் தலைவராக்கியிருக்கிறார்களே, அவர்களுக்கு என் நன்றி."

"தெரியாமல் இல்லை, மனம் வரவில்லை."

"மனம் இருந்தால் போதுமா? கஞ்சியைக்கூட விழுங்கமாட்டாமல் கிடந்தபோது, 'இன்னும் இரண்டு துண்டு' என்று என் கொட்டில் வாசலில் கெஞ்சிற்றே ஒரு நாக்கு. அது இன்று அவையில் எங்கே போயிற்று?"

"மும்முறை பேசிற்று. மூன்றாம் முறை, 'அவளுடைய ஊறுகாய்க்கு அடிமையாகிவிட்டாய்' என்று அரையர் என் வாயை அடைத்துவிட்டார்."

"அது பொய்யா?"

"பாதி பொய். ஊறுகாய்க்கு மட்டும் என்று அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார்" என்றான் சேந்தன், ஆற்றைப் பார்த்தபடி.

மல்லியின் முகத்தில் செவ்வானம் சற்றே கூடுதலாகப் படிந்தது. எனினும் அவளது கவனம் வேறோர் இடத்தில் இருந்தது. நாற்பது சாடிகளையும் பாதியளவு கவிழ்த்துக் கொட்டி, வாயை அரக்கால் அடைத்து, ஆற்றில் மிதக்கவிட வேண்டும் என்பது நாகதேவரின் யோசனை. 'மிதந்து செல்லும் நஞ்சைப் பகைவர் எடுத்துத் தின்று மடியட்டும்!' என்று அவர் சொன்னபோது அரையர் தொடையைத் தட்டிச் சிரித்திருந்தார். முப்பத்தொன்பது சாடிகளுக்குக் காவலர்கள் அரக்கிட்டார்கள். ஒன்றே ஒன்றுக்கு மட்டும், எல்லாவற்றினும் சிறிய சாடிக்கு, நண்பகலில் நாகதேவரே தம் கையால் அரக்கிட்டு, கழுத்தில் சிவப்புக் கயிறும் கட்டியிருந்தார்.

கொட்டும் பொருளுக்குச் சிவப்புக் கயிறு எதற்கு?

அந்தச் சிறிய சாடியை மல்லி உற்றுநோக்கினாள். அஃது உத்திரத்தன்று உப்பிட்ட முள்ளங்கிச் சாடி!

உப்பிட்ட நாளின் விண்மீனையே சாடிக்குப் பெயராக இடுவது அந்தக் கொட்டிலின் வழக்கம். மற்றவையெல்லாம் திங்கள் பல கடந்து, பொங்கி அடங்கி அமைதியுற்றவை. உத்திரமோ நேற்று முன்தினம் பிறந்த குழந்தை. சித்திரை வெயிலில் மூன்றாம் நாள் முள்ளங்கி கொதிக்கும் உலையை ஒத்தது. அதனால்தான் அதன் வாயில் மெல்லிய துணியை மட்டும் கட்டி, மூச்சுவிட வழிவைப்பார்கள். அதைப் போய் அரக்கால் அடைத்து, அரைநாள் வெயிலில் வைத்திருக்கிறார் இந்த வைத்தியர்! மருந்தறிந்த எவரும் செய்யாத பிழை அது.

முரசு முழங்கிற்று. விடங்கப் பேரரையர் படித்துறையில் வந்து நின்றார்.

"குஞ்சரமல்லி! சொல்வதற்கு ஏதேனும் உண்டோ?"

"உண்டு, அரசே. அந்த மூவருக்கும் நா வறண்டிருக்கிறது; கண்மணி விரிந்திருக்கிறது. புளித்த காய் வாயில் நீரூறச் செய்யுமேயன்றி வறளச் செய்யாது. இஃது ஊமத்தை விதையின் வேலை. என் சாடியில் படர்ந்த வெண்படலம் வழித்தெறிந்தால் போய்விடும். கறுத்து மயிர்பிடித்த சாடியை நானே குழிதோண்டிப் புதைத்துவிடுவேன், எவருக்கும் கொடேன்."

"சொன்னதையே சொல்கிறாள்" என்று புன்னகைத்தார் நாகதேவர். "கதிரவன் சாய்கிறான், அரசே."

"எனில், வாயிற்படி வேண்டுதலைக் கேட்கிறேன்" என்றாள் மல்லி.

கூட்டம் சலசலத்தது. நாணற்கோட்டையினின்றும் விரட்டப்படுபவர், உயிர்ப்பிச்சை நீங்கலாக, வாயிற்படியில் நின்று ஒன்றைக் கேட்கலாம். அதை மறுக்கும் உரிமை அரையருக்கும் இல்லை.

"கேள்."

"என் பிள்ளைகளாகிய இந்தச் சாடிகளிடம் பெயர் சொல்லி விடைபெற வேண்டும். எல்லோரிலும் இளையது அதோ அந்தச் சிறியது. நான் விடைபெற்று முடிக்கும்வரை அதை வைத்தியரே தம் மார்போடு அணைத்து வைத்திருக்க வேண்டும். அரக்கிட்டவர் அவர்தாமே?"

நாகதேவரின் புன்னகை ஒரு கணம் மறைந்து மீண்டது. சாடியை வேறெவரும் தொடாமல் இருப்பது நல்லதென்று எண்ணினாரோ என்னவோ, தாமே முன்வந்து அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

மல்லி தொடங்கினாள். "ஆவணி அவிட்டமே, உன் களாக்காயைத் தின்றுதான் வடக்கு மதிற்காவலர் எழுந்தார்கள், போய் வா. தைப்பூசமே, உன் முள்ளங்கிக்காகச் சமையற்கட்டில் சண்டையே நடந்தது, போய் வா. மாசி மகமே..."

ஒவ்வொரு சாடியின்முன்னும் அவள் நின்றாள், குனிந்தாள், பேசினாள். வீரர்களுட் சிலர் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். நாகதேவரின் நெற்றியில் வியர்வை அரும்பிற்று.

"இன்னும் எத்தனை?" என்று சீறினார் அவர்.

"பதினேழு, வைத்தியரே. கை கடுக்கிறதோ? கொட்டிலில் ஒருநாள் சுமந்து பார்த்திருந்தால் பழகியிருக்கும்."

கூட்டத்தில் சிரிப்பெழுந்தது. ஆனால், வாசகர்களே, மல்லியின் செவியோ அந்தச் சிறிய சாடியிலேயே இருந்தது! கதிரவனின் கீழ்விளிம்பு அடிவானைத் தொட்டுவிட்டது. சாடியிலிருந்து சிறு முனகல்கூட எழவில்லை. ஒருகால் அரக்கில் விரிசல் இருக்குமோ? காற்றுக் கசிந்துவிட்டதோ? பத்துச் சாடிகள்... ஐந்து... ஒன்று. பெயர்கள் தீர்ந்தன. வானத்தில் நெருப்புக்கீற்றாக ஒரு விளிம்பே எஞ்சி நின்றது.

"முடிந்தது!" என்று ஆற்றை நோக்கித் திரும்பினார் நாகதேவர்.

"ஒன்று எஞ்சியிருக்கிறது!" என்று கூவினாள் மல்லி. "உத்திரத்தின் குரலை ஒருமுறை கேட்டுவிடுகிறேன். சாடியைச் சற்றே அசையுங்கள். நீர் தளும்பும் ஓசை போதும். பின்னர் நானே நடந்து வெளியேறுகிறேன்."

பொறுமை இழந்திருந்த நாகதேவர், "இதோ, செவிகுளிரக் கேள்!" என்று ஏளனத்தோடு சாடியை முகத்துக்கு நேரே தூக்கி, மும்முறை ஓங்கிக் குலுக்கினார்.

இடி விழுந்தது போன்றதோர் ஓசை! அரக்கு மூடி வானில் பறந்தது. புளித்த உப்புநீரும் முள்ளங்கித் துண்டுகளும் ஊற்றெனப் பீறிட்டு நாகதேவரின் முகத்தில் அறைந்தன. சாடி நழுவிப் படியில் விழுந்து சிதறிற்று. சிதறிய ஓடுகளுக்கிடையே மெழுகுத்துணியில் பொதிந்த சிறு சுருள் ஒன்று உருண்டோடிச் சேந்தனின் காலடியில் நின்றது.

"கண்! என் கண்!" என்று அலறி முகத்தைத் துடைத்தார் வைத்தியர். ஆ! அஃதென்ன விந்தை! புளித்த நீர் பட்ட இடமெல்லாம் மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துச் சிவக்கச் செய்த அந்தக் குங்குமம் மீண்டும் மஞ்சளாக மாறி வழிந்தோட, அதன் அடியில் இடப்புருவத்தினின்றும் உச்சிவரை ஓடிய வாள்தழும்பு ஒன்று அந்தியொளியில் பளிச்சிட்டது.

சேந்தனின் கை உடைவாளுக்குத் தாவிற்று. "அந்தத் தழும்பை எனக்குத் தெரியும், ஈராண்டுக்குமுன் கரிக்குன்றப் போரில் அதை இட்டவன் நான்! அரசே, தாடியை மழித்துக்கொண்டு வந்து ஏமாற்றிய இவன் வைத்தியன் அல்லன். காரைக்காட்டு அரையனின் ஒற்றர் தலைவன் கூற்றன்!"

கூற்றன் ஒரே பாய்ச்சலில் ஆற்றை நோக்கி ஓடினான். மூன்று படிகள் இறங்கினான். நான்காம் படியில் உப்புநீர் ஊறிய முள்ளங்கித் துண்டின்மேல் கால்வைத்தான். அவ்வளவுதான்! வானத்தைப் பார்த்தபடி விழுந்தவனின் மார்பில் சேந்தனின் முழங்கால் அழுந்திற்று.

அரையர் சுருளை விரித்தார். ஓலையில் நீர்வாயிலின் அடிக்கம்பிகளும், வாயிலைத் தூக்கும் சங்கிலிப் பொறியின் இருப்பிடமும் கீறப்பட்டிருந்தன. காவலர் மூவருக்கும் வெற்றிலையில் ஊமத்தை விதையைக் கலந்து கொடுத்ததையும், ஆற்றுவளைவில் படகோடு காத்திருப்போர் சிவப்புக் கயிற்றுச் சாடியை எடுப்பார்கள் என்பதையும், வாள்முனை தொண்டையைத் தொட்டபோது கூற்றன் கக்கினான்.

அரையர் ஓலையைச் சேந்தனிடம் கொடுத்தார். பின்னர்த் தாமே மல்லியின் கைக்கட்டை அவிழ்த்தார். அவிழ்ப்பதற்கு அங்கு முடிச்சென்று பெரிதாக ஒன்றும் இல்லாதது கண்டு, சேந்தனை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"மகளே, நுரையைக் கண்டு அஞ்சினேன், உன் சொல்லை ஏற்காமல் தீர்ப்பளித்தேன். என்ன வேண்டும், சொல்."

"இன்னொரு சாடிக்கு அரக்கு வேண்டும், அரசே!" என்றாள் மல்லி கண்கள் மின்ன. "ஆற்றுவளைவில் காத்திருப்பவர்களை ஏமாற்றமடையச் செய்யலாமா?"

அரையர் ஒரு கணம் திகைத்து, மறுகணம் வாய்விட்டுச் சிரித்தார். சேந்தன் எழுத்தாணியை வாங்கி, அந்த ஓலையிலேயே ஒரே ஒரு கோட்டை நீட்டினான். சங்கிலிப் பொறிக்குச் செல்லும் வழி, அந்தக் கோட்டினால் கிழக்கு மதகுக்குச் செல்லும் வழியாயிற்று. அங்கே நுழைபவர் எவராயினும் இருபுறமும் வில்லேந்திய இருநூற்றுவரைத்தான் காண்பார்.

"எந்தச் சாடி?" என்று கேட்டான் அவன்.

"மாசி மகம். அதன் நெல்லிக்காய்க்கு உப்பிட்டு இரு திங்கள் ஆகின்றன, பொங்கித் தணிந்துவிட்டது. வாயை அடைத்தாலும் வாய்திறவாமல் போய்ச் சேரும்" என்றாள் மல்லி.

சிவப்புக் கயிறு அணிந்த மாசி மகம் அலைகளில் அசைந்தாடிச் சென்றது. பால்நிலவில் அது சிறு புள்ளியாகத் தேய்ந்து ஆற்றுவளைவை அடைந்தபோது, நாணல்களுக்கிடையே ஒரு விளக்குத் தோன்றிற்று, சாடியருகே வந்தது, பின்னர்ச் சட்டென அணைந்தது. படித்துறையில் நின்ற அனைவரும் அடக்கி வைத்திருந்த மூச்சை ஒருசேர விட்டார்கள்.

விடங்கப் பேரரையர் குனிந்து, உடைந்த ஓட்டில் தங்கியிருந்த முள்ளங்கித் துண்டொன்றை எடுத்து, கூடியிருந்த வீரர்கள் அனைவரும் காண வாயிலிட்டு மென்றார். "எஞ்சிய சாடிகள் உடனே கொட்டிலுக்குத் திரும்பட்டும்! அரக்கையெல்லாம் உரித்தெறியுங்கள்!" என்று ஆணையிட்டு, மற்றொரு துண்டையும் எடுத்துக்கொண்டு நடந்தார்.

சேந்தன் வாளை உருவி மல்லியின்முன் மண்டியிட்டான். "நங்காய்! கிழக்கு மதகில் வென்று திரும்பும்வரை உன் கையால் ஊறிய காயன்றி வேறெதையும் தொடேன். இது வாளின்மேல் ஆணை!"

"இதற்கு வாள் எதற்கு, தலைவரே? இருபது நாள்களாக அதுதானே நடந்துவருகிறது! வேறு நல்ல சபதமாகச் சொல்லுங்கள்."

சேந்தன் நிமிர்ந்து நோக்கினான். "எனில் கேள். வெற்றிக்குப்பின் நீ உப்பிடும் முதற்சாடிக்கு நம் மணநாளின் விண்மீனே பெயராகும். அதற்கென உயிரோடு திரும்பி வருவேன். இது என்மேல் ஆணை."

கொள்ளிடம் சலசலத்தது. மல்லி அவன் வாளின்மேல் தன் விரல்களை வைத்தாள்.

"வாருங்கள். ஆனால், அந்தச் சாடிக்குத் துணிதான் கட்ட வேண்டும், மறந்தும் அரக்கிட்டுவிடாதீர்கள்!"